எண்ணெய்க்கு முன்னால் விதை

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டுக் கூடத்தில் பழைய வேட்டி ஒன்றை விரித்து, பத்துக் கிலோ நிலக்கடலைப் பருப்பைக் கொட்டுவோம். அம்மா முறத்தில் அள்ளிப் புடைப்பார். நான் எதிரே உட்கார்ந்து பொறுக்குவேன். சுருங்கிப்போனது, தோல் கறுத்தது, பூச்சி துளைத்தது, பிளந்து பார்த்தால் உள்ளே சாம்பல் பச்சையாகப் பூத்திருப்பது எல்லாம் தனியாக ஒரு கிண்ணத்துக்குப் போகும். முதல் அரை மணி நேரம் சலிப்பாக இருக்கும். பிறகு கண் பழகிவிடும். கெட்ட பருப்பு தானாகவே விரலுக்கு வந்துவிடும். போன முறை அந்தக் கிண்ணத்தை எடை போட்டுப் பார்த்தேன். 340 கிராம் இருந்தது. மிச்சம் செக்குக்குப் போனது.

சமையல் எண்ணெய் பற்றி இன்று ஓயாமல் நடக்கும் பேச்சில் இந்தக் கிண்ணத்துக்கு இடமே இல்லை. செக்கு எண்ணெயா, ரீஃபைண்டு எண்ணெயா? மரச்செக்கா, இரும்புச் செக்கா? தேங்காய் எண்ணெய் நல்லதா, கெட்டதா? கேள்விகள் எல்லாமே விதை நசுங்கிய பிறகுதான் தொடங்குகின்றன. ஓர் எண்ணெய் நல்லதா என்பதில் பெரும்பகுதி அது செக்கை அடைவதற்கு முன்பே, விதையிலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம். மீதி, அது நம் வாணலியில் எத்தனை முறை காய்கிறது, மாதத்துக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்பதில் இருக்கிறது. நடுவில் நிற்கும் செக்கும் ஆலையும் முக்கியம்தான். நாம் சண்டை போடும் அளவுக்கு முக்கியம் இல்லை.

பருப்புக்குள் பூத்திருக்கும் அந்தப் பச்சை, பெரும்பாலும் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் அடுத்தடுத்துச் செத்தன. என்ன நோய் என்று தெரியாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். தேடிப் போனபோது, பிரேசிலிலிருந்து தீவனத்துக்காக வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அதில் வளர்ந்திருந்த பூஞ்சை சுரந்த நஞ்சுக்குத்தான் பிறகு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டார்கள். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்ட பொருள் இது. வீட்டு அடுப்பின் சூட்டில் அழியாது. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், காய் சரியாகக் காயும் முன் மூட்டை கட்டினால், அந்த மூட்டையை ஈரத்தரையில் அடுக்கினால் பூஞ்சை வந்து குடியேறிவிடும்.

செக்கில் ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கோடு போய்விடுகிறது. ஆனால் முழுவதும் போவதில்லை. தெளியாத, மண்டியோடு கூடிய எண்ணெயில் அந்தத் துகள்களோடு சேர்ந்து கொஞ்சம் தங்கிவிடும். ஆலையிலோ, காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும் கட்டத்தில் அஃப்ளாடாக்சின் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. அப்படியானால் பூஞ்சை பிடித்த பருப்பை எவ்வளவு உயர்ந்த வாகை மரச்செக்கில் ஆட்டினாலும், கிடைக்கும் எண்ணெய் இந்த ஒரு விஷயத்தில் ரீஃபைண்டு எண்ணெயைவிட மோசமானது. பல ஆண்டுகளாகச் செக்கு எண்ணெயையே வாங்கி, அதன் மணத்தை விரும்பிச் சாப்பிடுகிறவன் நான். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். 'செக்கு' என்ற சொல் விதைக்கு உத்தரவாதம் தருவதில்லை.

பழைய வழக்கத்தில் ஒரு காப்பு இருந்தது. ஆட்டிய எண்ணெயை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, வாயில் மெல்லிய துணியைக் கட்டி வெயிலில் வைப்பார்கள். மண்டி அடியில் தங்கும், ஈரம் போகும். வெயில் பட்டால் கடலை எண்ணெயில் உள்ள அஃப்ளாடாக்சின் சிதைகிறது என்று மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1970களில் காட்டினார்கள். பெரியவர்களுக்கு அந்த நஞ்சின் பெயர் தெரியாது; வழக்கம் அவர்களுக்குத் துணை நின்றிருக்கிறது. அதற்காக நாள் கணக்கில் வெயிலில் வைத்துவிடக் கூடாது. எண்ணெய் காறிப்போகும். எங்கள் வீட்டில் ஒரு நாள் வெயில், பிறகு இரண்டு நாள் நிழலில் தெளியவிடுவது என்று வைத்திருக்கிறோம்.

நம் அடுக்களைக்கு இத்தனை எண்ணெய்கள் வந்து சேர்ந்த கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இன்றைய குழப்பம் விளங்கும். எண்ணெய் என்ற சொல்லே எள்ளிலிருந்து பிறந்தது: எள், நெய். வேறு விதைகளின் நெய்யும் 'எண்ணெய்' ஆன பிறகு எள்ளின் எண்ணெய்க்கு 'நல்ல' என்ற அடைமொழி தேவைப்பட்டது. நிலக்கடலை தென்னமெரிக்கப் பயிர். வட மாவட்டங்களில் அதை மல்லாட்டை என்கிறார்கள். மணிலாக் கொட்டை என்பது மருவி வந்த பெயர். 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுப் புன்செய்களில் அது பரவி, புதுச்சேரியிலிருந்து பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறும் அளவுக்கு வளர்ந்தது. குமரியில் தேங்காய் எண்ணெய்தான் சமையல். ஆக, ஊருக்கு ஊர் எண்ணெய் வேறு. பயிர் எங்கிருந்து வந்திருந்தாலும், எண்ணெய் எதுவும் தொலைவிலிருந்து வந்ததில்லை.

1937இல் டால்டா வந்தது. திரவ எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றி நெய்யைப் போல உறைய வைத்த பொருள். நெய் வாங்க முடியாத வீடுகளில் அது நெய்யின் இடத்தைப் பிடித்தது. வனஸ்பதி என்ற பொதுப்பெயரை மறக்கடித்து, டால்டா என்ற வணிகப் பெயரே பொருளின் பெயராகவும் ஆகிவிட்டது. ஹைட்ரஜனை அரைகுறையாக ஏற்றும்போது டிரான்ஸ் கொழுப்பு உருவாகிறது. அது ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி, நல்ல கொலஸ்ட்ராலையும் இறக்கிவிடும். வேறு எந்தக் கொழுப்பைப் பற்றியும் அறிஞர்களிடையே வாதம் நடக்கலாம். இதைப் பற்றி இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெய், கொழுப்புகளில் இதன் அளவைப் படிப்படியாகக் குறைத்து, 2021இல் 3 சதவீதம், 2022இல் 2 சதவீதம் என்று கொண்டுவந்தது. சட்டம் செய்த நல்ல வேலை இது. ஆனாலும் பஃப்ஸ், கிரீம் பிஸ்கட், மலிவு விலை இனிப்பு இவற்றில் என்ன கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்பது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தால்தான் தெரியும். வீட்டில் வனஸ்பதிக்கு எந்த வேலையும் இல்லை.

1990களின் தொடக்கத்தில் நாடு எண்ணெயில் ஏறக்குறைய தன்னிறைவை எட்டியிருந்தது. 1994இல் பாமாயில் இறக்குமதி தாராளமானது. அதற்குப் பிறகு நிலைமை தலைகீழாயிற்று. இன்று நாம் செலவிடும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்தும், சூரியகாந்தி எண்ணெய் உக்ரைன், ரஷ்யா பக்கமிருந்தும், சோயா எண்ணெய் அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்தும் வருகின்றன. 2022இல் உக்ரைனில் போர் மூண்டதும் நம் தெருக்கோடி மளிகைக் கடையில் சூரியகாந்தி எண்ணெய் விலை எகிறியது அதனால்தான். அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியபோது அடுத்த அடி விழுந்தது.

தமிழ்நாட்டில் 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்தது. அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர், 25 ரூபாய். செக்கு எண்ணெயின் பெருமையைப் பேசும் பலர் இந்தப் பாக்கெட்டை ஏளனமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. 25 ரூபாய் எண்ணெய்தான் எத்தனையோ வீடுகளில் குழம்பைத் தாளிக்கிறது. பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு நாற்பது சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அதனால் அளவோடு பயன்படுத்த வேண்டியது. அது நஞ்சு இல்லை. ரேஷன் பாமாயிலை மாதம் முழுக்க நிதானமாகச் செலவிடும் வீடு, மரச்செக்கு எண்ணெயை நாளுக்கு நாலு கரண்டி ஊற்றும் வீட்டைவிட ஆரோக்கியமாகச் சமைக்கிறது என்று தயங்காமல் சொல்வேன்.

கொழுப்பின் வகைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா எண்ணெயிலும் நிறைவுற்ற கொழுப்பு, ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு, பன்மை நிறைவுறாக் கொழுப்பு மூன்றும் இருக்கின்றன. விகிதம்தான் வேறு. நிறைவுற்றது சூட்டைத் தாங்கும், சீக்கிரம் கெடாது. ஆனால் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும். பன்மை நிறைவுறாதது அந்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும். ஆனால் காற்றும் சூடும் ஒளியும் பட்டால் முதலில் சிதைவதும் அதுவே. நூறு கிராம் தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 கிராம் நிறைவுற்றது. நெய்யில் 60க்கு மேல். கடலை எண்ணெயில் 20க்குள், நல்லெண்ணெயில் 15 அளவில், சூரியகாந்தியில் 11 அளவில். சூரியகாந்தியில் மீதியின் பெரும்பகுதி பன்மை நிறைவுறாதது. கடலையிலும் எள்ளிலும் ஒற்றையும் பன்மையும் கலந்து நடுவாக நிற்கின்றன. நம் ஊர்ச் சமையலுக்கு இந்த இரண்டும் பொருந்திப்போவதற்கு இந்த நடுநிலையும் ஒரு காரணம்.

நல்லெண்ணெய்க்கு இன்னொரு பலம் உண்டு. எள்ளில் உள்ள செசாமின், செசாமோலின் போன்ற பொருள்களும், செசாமோலினிலிருந்து உண்டாகும் செசாமோலும் எண்ணெய் காறாமல் காக்கின்றன. ஆவக்காய்க்கு நல்லெண்ணெயை ஊற்றுவதன் பொருத்தம் இதில் தெரியும். இட்லிப் பொடிக்கும் அதுவே ஏற்றது, அங்கே எண்ணெய் சூடே படாமல் வயிற்றுக்குள் போகிறது. செக்கில் எள்ளாட்டும்போது கருப்பட்டியோ வெல்லமோ சேர்ப்பார்கள். இனிப்புக்காகச் சேர்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நசுங்கிய எள்ளிலிருந்து எண்ணெய் பிரிந்து வருவதற்கும் புண்ணாக்கு திரண்டு நிற்பதற்கும் அந்தப் பாகு உதவுகிறது என்பதே தொழில் தெரிந்தவர்கள் சொல்வது.

தேங்காய் எண்ணெய் விஷயத்தில் இரண்டு அணிகளாகப் பிரிந்து நிற்கிறோம். ஒரு பக்கம் அதை மருந்து என்கிறது, மறு பக்கம் விஷம் என்கிறது. 2020இல் 'சர்குலேஷன்' என்ற இதய மருத்துவ இதழில் 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டபோது தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ராலை டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டியது; நல்ல கொலஸ்ட்ராலையும் சற்றுக் கூட்டியது. கேரளத்தில் இதய நோயாளிகள் 200 பேரிடம் இரண்டு ஆண்டுகள் தேங்காய் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் ஒப்பிட்ட ஆய்வில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இரண்டையும் வைத்துப் பார்த்தால், அவியலுக்கும் ஆப்பத்துக்கும் ஊற்றும் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயைக் கைவிட வேண்டிய அவசியம் இல்லை. வீட்டின் ஒரே எண்ணெயாக அதை வைத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. கொலஸ்ட்ரால் ஏற்கெனவே கூடியிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக் குறைத்துக்கொள்வது நல்லது. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி குடிக்கும் புதுப் பழக்கத்துக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

தேங்காயிலும் விதைக் கேள்வி உண்டு. கொப்பரை பூஞ்சை பிடிக்காமலிருக்கவும் வெள்ளையாகத் தெரியவும் சில உலர்களங்களில் கந்தகப் புகை போடுகிறார்கள். பழுப்பேறிய, வெயிலில் காய்ந்த, உடைத்தால் 'டக்' என்று ஒலிக்கும் கொப்பரை நல்லது. வளைத்தால் வளைகிற கொப்பரையில் ஈரம் இருக்கிறது. அந்த எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும்.

ரீஃபைண்டு எண்ணெய் எப்படி வருகிறது என்பதைப் பார்க்கலாம். விதையை நசுக்கிய பிறகும் தங்கும் எண்ணெயை ஹெக்சேன் என்ற கரைப்பானில் கரைத்து எடுத்து, கரைப்பானை ஆவியாக்கி நீக்குகிறார்கள். பிறகு பசையை நீக்கி, காரத்தால் அமிலத்தைப் போக்கி, களிமண் போன்ற பொருளால் நிறத்தை உறிஞ்சி, 200 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வெற்றிடத்தில் நீராவி செலுத்தி வாடையை அகற்றுகிறார்கள். இதில் நஞ்சும் போகிறது, வைட்டமின் ஈயில் ஒரு பங்கும் மணமும் போகின்றன. மிஞ்சுவது நிறமும் சுவையும் அற்ற கொழுப்பு. எதிலிருந்து வந்தது என்று நாக்கால் சொல்ல முடியாது. என் வருத்தம் இங்கேதான். கெட்ட விதையும் நல்ல விதையும் கடைசியில் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. நல்ல விதை விளைவித்தவருக்கு அதற்கான மதிப்புக் கிடைப்பதில்லை.

அதற்காக எல்லாவற்றையும் செக்கில் ஆட்டிவிட முடியாது. தவிட்டு எண்ணெயை எடுத்துக்கொள்வோம். தவிட்டில் எண்ணெய் 20 சதவீதத்துக்குள்தான். அரிசி ஆலையில் தவிடு பிரிந்த சில மணி நேரத்திலேயே அதிலுள்ள நொதி எண்ணெயைக் கெடுக்கத் தொடங்கிவிடும். கரைப்பானும் சுத்திகரிப்பும் இல்லாமல் அந்த எண்ணெய் சமையலுக்கு வராது. ஆனாலும் ஒரைசனால் என்ற நல்ல பொருளும், கொழுப்பு வகைகளின் நல்ல சமநிலையும் உள்ள எண்ணெய் அது. நம் நெல்லிலிருந்தே கிடைப்பது. பொரிப்பதற்கு ரீஃபைண்டு எண்ணெய் வேண்டும் என்றால் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இனி விலை. சில ஆண்டுகளுக்கு முன் 'மரச்செக்குக் கடலை எண்ணெய்' என்று பலகை வைத்த ஒரு கடையில் தொடர்ந்து வாங்கினேன். விலை மலிவாக இருந்ததில் மகிழ்ச்சி. ஐந்தாறு மாதம் கழித்துத்தான் உறைத்தது: டின்னின் அடியில் ஒரு சொட்டு மண்டிகூடத் தங்கவில்லை, தாளிக்கும்போது கடலை மணமும் எழவில்லை. அன்று கணக்குப் போட்டேன். செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்க ஏறத்தாழ இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்தால் 300 ரூபாய் ஆயிற்று. ஒன்றரைக் கிலோ புண்ணாக்கை 40 ரூபாய் வீதம் விற்றால் 60 ரூபாய் திரும்பும். ஆக, கூலி, மின்சாரம், வாடகை, லாபம் எதுவும் சேர்க்காமலே 240 ரூபாய். நான் வாங்கிய விலை அதற்கும் கீழே. பிறகு விசாரித்தால் அந்தக் கடையில் செக்கே இல்லை. இந்தக் கணக்கை யாரும் போடலாம். அன்றைய பருப்பு விலையை இரண்டரையால் பெருக்குங்கள். எள்ளுக்கும் ஏறத்தாழ இதே அளவுதான். கொப்பரையில் எண்ணெய் அதிகம் என்பதால் ஒன்றே முக்கால் கிலோவுக்குள் ஒரு லிட்டர் கிடைக்கும். கணக்குக்கு மிகக் கீழே விலை இருந்தால், உள்ளே வேறு எண்ணெய் இருக்கிறது என்று பொருள்.

கலப்படம் விலையோடு நின்றுவிடாது. 1998இல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்ததால் கால் வீங்கி, இதயம் பழுதாகி அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சமையல் எண்ணெயைப் பாக்கெட்டும் லேபிளும் இல்லாமல் சில்லறையாக அளந்து விற்கக் கூடாது என்று சட்டம் சொல்வது சும்மா இல்லை. தெரிந்த செக்கில் நம் கண்ணெதிரே ஆட்டி வாங்குவது வேறு. பெயர் தெரியாத டிரம்மிலிருந்து அளந்து வாங்குவது வேறு.

லேபிளில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் நேர்மையானது. 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் அது பொருட்படுத்தும் அளவில் இருக்காது. 'லைட்' என்றால் நிறம்தான் லேசு. எல்லா எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான். பின்பக்கத்தில் 'கலப்பு எண்ணெய்' என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா, நிறைவுற்ற கொழுப்பும் டிரான்ஸ் கொழுப்பும் எத்தனை கிராம், எந்த மாதம் பாக்கெட் செய்தது என்று பாருங்கள். 319 என்ற எண் இருந்தால் காறாமலிருக்கச் சேர்த்த டிபிஎச்கியூ, 900ஏ இருந்தால் நுரை அடக்கும் பொருள். அளவுக்குள் இருந்தால் சட்டம் அனுமதிப்பவை. லிட்டர் என்றால் ஏறத்தாழ 910 கிராம் இருக்க வேண்டும். 750, 800 கிராம் பாக்கெட்டுகளும் அதே உயரத்தில் அடுக்கில் நிற்கின்றன.

இதே கவனம் மற்ற சரக்குகளுக்கும் வேண்டும். பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைவிடக் கறுத்த வெல்லம் மேல். மஞ்சள் வெல்லத்தில் வெளுப்புக்கு ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டிருப்பார்கள். மிளகாயும் மல்லியும் முழுசாக வாங்கி, காம்பு கிள்ளி, காயவைத்து அரைத்துக்கொண்டால் சாயத்தைப் பற்றிய பயம் பெரும்பாலும் தீர்ந்தது. மஞ்சளையும் கிழங்காக வாங்கி மில்லில் கொடுங்கள். கடைப் பெருங்காயத்தில் பெரும்பங்கு மாவும் கோந்தும் என்பது கூட்டுப் பெருங்காயம் என்ற பெயரிலேயே இருக்கிறது. நெய்யை வெண்ணெய் வாங்கி வீட்டில் உருக்கினால் எது உள்ளே போகிறது என்று தெரியும். இறக்கும்போது போடும் முருங்கைக்கீரை மணத்துக்கு மட்டும் இல்லை, நெய் காறாமலும் காக்கும்.

எண்ணெய் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைக் கெடுக்க ஒரு தீபாவளி போதும். பொரிக்கும் சூடு 170, 180 டிகிரி. அந்தச் சூட்டில் பலகாரத்தின் ஈரமும் காற்றும் சேர்ந்து எண்ணெயைச் சிதைக்கின்றன. நிறம் கறுத்து, பிசுபிசுத்து, வடை போட்டதும் நுரை பொங்கி அடங்காமல் நின்றால் எண்ணெய் முடிந்துவிட்டது. வணிகச் சமையலில் சிதைவுப் பொருள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. வீட்டில் அளக்கும் கருவி இல்லை. கண்ணும் மூக்கும் உண்டு. பொரித்த எண்ணெயை வடிகட்டி வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் தாளிப்பில் தீர்த்துவிடுவது எங்கள் வழக்கம். மறுபடி பொரிப்பதில்லை. பழைய எண்ணெயில் புதியதை ஊற்றி 'புதுப்பிப்பது' பெரிய தவறு. பழையதில் உள்ள சிதைவு புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். பொரிக்கச் சின்ன இருப்புச்சட்டியை எடுத்தால் எண்ணெயும் கொஞ்சமாகவே மிஞ்சும்.

அளவுக்கு வருகிறேன். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரி உணவுக்கு எண்ணெயும் கொழுப்பும் நாளுக்கு 27 கிராம். நால்வர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 108 கிராம், மாதத்துக்கு 3,240 கிராம், லிட்டரில் மூன்றரை. நெய்யும், வெண்ணெயும், சாயங்காலம் டீக்கடையில் தின்ற பஜ்ஜியின் எண்ணெயும் இதற்குள் அடக்கம். நாங்களும் நால்வர்தான். முதல் தடவை கணக்குப் பார்த்தபோது ஐந்து லிட்டரைத் தாண்டியிருந்தது. அடுப்பருகே இருந்த எண்ணெய்த் தூக்கை எடுத்துவிட்டு, நாலு பேருக்கு ஒரு நாளைக்கான எண்ணெயைக் காலையிலேயே ஒரு சிறு கிண்ணத்தில் அளந்து வைத்தோம். முதல் இரண்டு வாரம் மாலைக்குள் கிண்ணம் காலியாகி, இரவுத் தோசைக்குக் கையைப் பிசைந்தோம். இப்போது சில நாள் மிச்சமே இருக்கிறது. தூக்கு இருட்டான அலமாரிக்குப் போய்விட்டது. அடுப்பின் சூடும் சன்னல் வெளிச்சமும் படாததால் எண்ணெயும் அதிக நாள் தாங்குகிறது.

பொறுக்கி ஒதுக்கிய அந்த 340 கிராமை என்ன செய்வது என்று முன்பெல்லாம் நாங்கள் யோசித்ததே இல்லை. பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டுவிடுவோம். வீணாகவில்லை என்று மனம் நிறையும். 2019இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட தேசியப் பால் ஆய்வைப் படித்த பிறகு அந்தப் பழக்கம் நின்றது. தமிழ்நாட்டில் எடுத்த 551 பால் மாதிரிகளில் 88இல் அஃப்ளாடாக்சின் எம்1 வரம்பை மீறியிருந்தது. நாட்டிலேயே எண்ணிக்கையில் நம் மாநிலம்தான் முதலில் இருந்தது. பூஞ்சை பிடித்த பருப்பையும் புண்ணாக்கையும் மாடு தின்றால், நஞ்சு சற்றே உருமாறிப் பால் வழியாக வெளியே வருகிறது. பக்கத்து வீட்டில்தான் நாங்கள் பால் வாங்குகிறோம். இப்போது அந்தக் கிண்ணத்தை மாட்டுக்கோ கோழிக்கோ கொடுப்பதில்லை. கொல்லையில் குழி தோண்டி மண்ணைப் போட்டு மூடிவிடுகிறேன். செக்கிலிருந்து நம் பருப்பின் புண்ணாக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அக்காவிடம், "இது பொறுக்கின பருப்பு அக்கா, தைரியமாக ஊற வைக்கலாம்" என்று சொல்லிக் கொடுக்கிறேன்.